மேடையிலே உயிர்நீத்த மாவீரர் தியாகி விசுவநாததாஸ்

நம் காஞ்சி மாநகரிலுள்ள குமரக்கோட்டத்தை அறியாதார் இலர். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தைப் பாடியதும் அரங்கேற்றியதும் அத்திருக்கோயிலில்தான் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். அப்பெருநூலின் இறுதியில் அமைந்திருப்பது வள்ளியம்மை திருமணப் படலம். தேவர் படைக்குத் தலைவனான முருகன், தினைப்புனத்தில் கவண் வீசிக் கிளி விரட்டும் வேடர்குலப் பெண்ணைத் தேடி வருகிறான். வேடனாகவும் கிழவனாகவும் உருமாறி நின்று, அவள் உள்ளத்தை வென்று மணம் புரிகிறான். குலத்தைப் பாராமல் குணத்தைப் பார்த்த திருமணம் அது.

நம் ஊரில் நூலாக வடிவம் பெற்ற அக்கதை, பின்னர் தமிழ்நாடெங்கும் கூத்தாகவும் நாடகமாகவும் பரவியது. விடிய விடிய அதைக் கண்டு களித்த மக்களுக்குக் கணக்கில்லை. அந்த வள்ளி திருமண நாடகத்திலே, முருகன் வேடம் புனைந்து, மயிலின்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்த நிலையிலேயே உயிர் துறந்தார் ஒரு நடிகர். நாள் 1940 டிசம்பர் 31. இடம் சென்னை ராயல் தியேட்டர். பெயர் விசுவநாததாஸ்.

அவர் பிறந்தது நாவிதர் குலத்திலே. குலம் பாராத கடவுளாக மேடையில் வீற்றிருந்த அம்மனிதரை, மேடைக்குப் பின்னே குலம் பார்த்து ஒதுக்கியது அன்றைய சமுதாயம். அந்த இழிவுக்கு அவர் எவ்வாறு விடையளித்தார் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். அதற்காகவே நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர் வரலாற்றை எழுத முற்படுகிறோம்.

பிறப்பும் வளர்ப்பும்

விசுவநாததாஸ் 1886ஆம் ஆண்டு சூன் திங்கள் 16ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணியம்; தாயார் ஞானாம்பாள். பிற்காலத்தில் மதுரையை அடுத்த திருமங்கலமே அவருடைய வாழிடமாயிற்று.

அவர் பிறந்த குலத்தாரை மருத்துவர் என்றும் வழங்குவர். அதற்குக் காரணம் உண்டு. சிகை திருத்தும் தொழிலோடு, கட்டி அறுத்தல், புண்ணுக்கு மருந்திடல், மூலிகை வைத்தியம் ஆகியவற்றையும் அறிந்திருந்தவர்கள் அவர்கள். அக்குலத்துப் பெண்டிர் ஊருக்கெல்லாம் மருத்துவச்சியராய் இருந்து பிள்ளைப்பேறு பார்த்தனர். உயர்ந்தோர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டோர் வீட்டுக் குழந்தைகளும் முதன்முதலில் அவர்கள் கையில்தான் விழுந்தன. ஆயினும் குழந்தையை ஏந்திய அந்தக் கையைத் தீண்டத் தயங்கிய ஊர் இது. பறையின் ஒலி இல்லாமல் திருவிழாவும் இல்லை, இறுதிச் சடங்கும் இல்லை என்று வைத்துக்கொண்டு, அப்பறையை முழக்கியவரைச் சேரியிலே நிறுத்திய அதே ஊர்தான். விசுவநாததாஸ் நம் குலத்தவர் அல்லர். ஆனால் அவர் பட்ட துன்பம் நமக்குப் புதிதன்று.

இளமையிலேயே அவருக்கு நல்ல குரல் வாய்த்திருந்தது. பசனைப் பாடல்களைப் பாடி வந்த சிறுவனை நாடக மேடை ஈர்த்துக்கொண்டது. ஒலிபெருக்கி வராத காலம் அது. திறந்த வெளியில் கூடியிருக்கும் ஆயிரக்கணக்கானோரில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். அதுவும் இரவு பத்து மணி தொடங்கி விடியும் வரையில் கேட்க வேண்டும். அத்தகைய குரல் வளம் படைத்தவர்களே அன்று பெயர் பெற்ற நடிகர்களாக விளங்கினர். விசுவநாததாஸ் அவர்களுள் ஒருவரானார்.

ஆசுகவியும் நாடக மேடையும்

கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நான்கு வகையாகப் பிரித்தனர் நம் முன்னோர். கொடுத்த பொருளைக் கொடுத்த அக்கணமே பாட்டாக்கித் தருவது ஆசுகவி. இக்கலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி நாட்டிலும் அவையோர் ஒரு பொருளைச் சொல்ல, இசைக்கருவியின் துணையோடு உடனுக்குடன் கவி பொழியும் புலவர்கள் இருந்தனர். கொரில்லா ஒலிம்பிக்கா என்ற புனைபெயர் கொண்ட பெண்பாற் புலவர் ஒருவருக்கு 1776ஆம் ஆண்டில் உரோமை நகரின் காப்பிட்டல் குன்றில் முடிசூட்டிச் சிறப்புச் செய்தனர். அங்கே மன்னர்களும் பிரபுக்களும் போற்றி வளர்த்த கலையை, இங்கே ஊர்ப் பொதுமக்களே காப்பாற்றி வந்தனர். நம் காஞ்சியைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில், திரௌபதியம்மன் கோயில் பாரத விழாவில் நடைபெறும் கூத்தைக் கண்டவர்களுக்கு இது நன்கு விளங்கும். கட்டியங்காரன் பேசும் பேச்சு எந்த ஏட்டிலும் எழுதி வைக்கப்பட்டதன்று. அது அன்றைய அவையைக் கண்டு அப்போதே பிறப்பது.

தென்பாண்டி நாட்டில் ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் பெற்ற நாடக முறையும் அத்தகையதே. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், கோவலன் முதலிய நாடகங்களே அதற்கு அடிப்படை. ஆனால் நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்களாய் இருப்பதில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் தத்தம் ஊர்களிலிருந்து வந்து சேர்வார்கள். ஒத்திகை என்பது கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும், பாடல்களும் தெரியும். ஆனால் எதிரே நிற்பவர் என்ன கேட்பார், எந்த இராகத்தில் மடக்குவார் என்பது ஒருவருக்கும் தெரியாது. தர்க்கம் என்று சொல்லப்படும் அப்போட்டியில், கேட்ட கேள்விக்குக் கேட்ட மாத்திரத்தில் பாட்டாலும் வசனத்தாலும் விடை இறுக்க வேண்டும். ஒரு கணம் திகைத்தாலும் அவை நகைத்துவிடும்.

விசுவநாததாஸ் வளர்ந்த பள்ளிக்கூடம் இதுதான். அங்கே அவர் கற்றுக்கொண்ட கல்வி, கேள்வி வருமுன் அஞ்சாதிருத்தல், வந்தபின் தயங்காதிருத்தல். மேடைக்கென்று கற்ற இக்கல்வி அவருக்கு வாழ்க்கை முழுவதும் துணை நின்றது.

சாதி என்னும் சுவர்

புகழ் வளர்ந்தது. முருகனாகவும் கோவலனாகவும் அவர் நடித்த நாடகங்களுக்கு மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். முருகன் மயில்மீது தோன்றும் காட்சியில் கைகூப்பி எழுந்து நிற்போரும் உண்டு.

ஆனால் திரைக்குப் பின்னே நடந்தது வேறு. நாவிதர் குலத்தவரோடு சேர்ந்து நடிப்பதோ என்று சக நடிகர்கள் சிலர் முகம் சுளித்தனர். அவர் முருகனானால் தாம் வள்ளியாக முடியாது என்று நடிகையர் சிலர் மறுத்தனர். எண்ணிப் பார்க்குங்கால் இதைவிட வேடிக்கையும் வேதனையும் வேறில்லை. வேடர்குல வள்ளியின் வேடத்தைப் புனைய வந்தவர்கள், முருகன் வேடம் புனைந்தவரின் குலத்தை விசாரித்தனர்! கதையின் பொருளையே அவர்கள் மேடையில் விட்டுவிட்டு வீடு திரும்பினர் என்றுதான் சொல்ல வேண்டும்.

இத்தகைய இழிவு நேர்ந்தபோது மனிதர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றையே கைக்கொள்வர். ஒன்று, குலத்தை மறைத்து வேறிடம் செல்வது. மற்றொன்று, மனம் ஒடிந்து தொழிலையே விடுவது. விசுவநாததாஸ் இரண்டையும் செய்யவில்லை. தம் உறவினரிலேயே திறமை உள்ளவர்களைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி தந்து, தம்மோடு நடிக்கச் செய்தார். உன்னோடு நிற்கமாட்டேன் என்றவர்களிடம் கெஞ்சிக்கொண்டிராமல், நிற்கக்கூடியவர்களைத் தாமே உருவாக்கினார். நம் சங்கத்தைத் தோற்றுவித்த பெரியோர்கள் செய்ததும் இதுவன்றோ? கதவு திறக்குமா என்று காத்திருந்து காலம் போக்காமல், நம் பிள்ளைகளுக்கு நாமே வழி செய்வோம் என்றுதானே அவர்கள் புறப்பட்டார்கள்?

வெள்ளைக் கொக்கு

1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில் நடந்த படுகொலை நாட்டையே உலுக்கியது. அச்செய்தியைப் பாமர மக்களிடம் கொண்டு சென்றது யார்? செய்தித்தாள் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. நாடக மேடைதான் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் செய்தித்தாளாக இருந்தது. விசுவநாததாஸ் பஞ்சாபில் நடந்த கொடுமையை மேடைதோறும் பாடினார். புராண நாடகங்களின் இடையிலே தேசியப் பாடல்களைப் பொருத்தமாகப் புகுத்துவதில் அவர் வல்லவரானார்.

அவர் குரலால் பெரும்புகழ் பெற்ற பாடல் ஒன்று உண்டு. அதை இயற்றியவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952). 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸுக்கும் பாட்டெழுதியவர் அவரே. வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில் அப்பாடல் வரும். வெள்ளை நிறக் கொக்கு ஒன்று பறந்து வருகிறது. எங்கிருந்தோ வந்து நம் விளைச்சலைத் தின்கிறது. அதை விரட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. தினைப்புனம் எது, வெள்ளைக் கொக்கு யார் என்பதைக் கூடியிருந்த உழவர்களுக்கும் நெசவாளர்களுக்கும் எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆங்கில அரசு 1876ஆம் ஆண்டிலேயே நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றி வைத்திருந்தது. ஆயினும் எழுதிய நாடகத்தை முன்கூட்டிப் படித்துப் பார்த்துத் தடுக்கலாம். மேடையில் அந்த நொடியில் பிறக்கும் சொல்லை எப்படித் தடுப்பது? வள்ளி திருமணம் என்று உரிமம் பெற்ற நாடகத்தில் எந்தக் கட்டத்தில் எந்தப் பாட்டு வெடிக்கும் என்று எந்த அதிகாரிக்கும் தெரியாது. ஆகவே போலீசார் கொட்டகையிலேயே வந்து அமர்ந்தனர். பாடக்கூடாது என்று உத்தரவு வரும்; அவர் பாடுவார். கைது செய்வர், தண்டனை முடிந்து வெளியே வந்ததும் அடுத்த ஊரில் மீண்டும் பாடுவார். இவ்வாறு அவர் பலமுறை சிறை புகுந்தார். கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் வழக்குமன்றத்தில் அவருக்காக வாதாடியதும் உண்டு.

நாடகக்காரர் இன்றும் சொல்லி மகிழும் செய்தி ஒன்று. முருகன் வேடத்திலிருந்த அவரைக் கைது செய்ய ஒரு நாள் அதிகாரி மேடை ஏறினாராம். தாம் கைது செய்ய வந்திருப்பது முருகனையா, விசுவநாததாசையா என்று அவரிடமே கேட்டார் தாஸ். அதிகாரி விசுவநாததாசைத்தான் என்று சொல்ல, இப்போது இங்கே நிற்பவன் முருகன். வேடம் கலைத்தபின் விசுவநாததாஸ் தாமே வருவார் என்று சொல்லி நாடகத்தை முடித்துக் கொடுத்த பின்னரே உடன் சென்றாராம். தர்க்கத்தில் பழகிய நாவுக்கு அதிகாரமும் ஓர் எதிர்வேடமாகவே தோன்றியது போலும்!

நம் ஊரில் நடந்த மாநாடு

இங்கே நம் இளைஞர்கள் ஒரு வினாவை எழுப்பக்கூடும். விசுவநாததாஸ் காங்கிரசுத் தொண்டர். அண்ணல் அம்பேத்கரின் வழி நிற்கும் நாம் அவரை ஏன் போற்ற வேண்டும்?

நேர்மையான வினா, மறைக்காமல் விடை கூறுவோம். 1925 நவம்பரில் காங்கிரசின் மாகாண மாநாடு நம் காஞ்சிபுரத்தில்தான் கூடியது. திரு.வி.க. தலைமை தாங்கினார். வகுப்புவாரி உரிமை வேண்டித் தந்தை பெரியார் கொண்டுவந்த தீர்மானம் அங்கே ஏற்கப்படவில்லை. அவர் மாநாட்டை விட்டு வெளியேறினார். அடுத்த சில ஆண்டுகளில், செங்கற்பட்டு மாவட்டத்து மண்ணில் பிறந்த நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசன், அண்ணல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து ஒடுக்கப்பட்டோருக்காக வாதாடினார். 1932இல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. விடுதலைப் போரில் முன்னின்ற கட்சி சாதிக் கொடுமையைத் தீர்க்க முன்னிற்கவில்லை என்ற மனக்குறை நம் முன்னோர்க்கு இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

விசுவநாததாசின் வாழ்வே அக்குறைக்குச் சான்று. நாட்டு விடுதலைக்காகப் பாடி, சிறை சென்று, பொருளிழந்த அவருக்கு, அவரோடு அதே மேடையில் நின்றவர்களிடமிருந்தே விடுதலை கிடைக்கவில்லை. மேடையில் அவர் முருகனாக வீற்றிருந்த அந்த ஆண்டுகளில், முருகனும் சிவனும் திருமாலும் கோயில்கொண்ட இந்நகரில் நம் பாட்டன் பூட்டன்மார் கோபுர வாயிலைத் தாண்ட உரிமையற்றிருந்தனர். கோயில் நுழைவுக்குச் சென்னை மாகாணம் முழுவதும் வழிசெய்த சட்டம் 1947இல்தான் வந்தது. அதைக் காண அவர் உயிரோடில்லை.

ஆகவே நாம் போற்றுவது அவர் சேர்ந்திருந்த கட்சியை அன்று. எவர் முன்னும் குனியாத அவருடைய தன்மானத்தை. சாதியைச் சொல்லி ஒதுக்கியவரிடமும் குனியவில்லை. சட்டத்தைச் சொல்லி மிரட்டியவரிடமும் குனியவில்லை. இரண்டும் ஒரே நிமிர்வுதான். அந்த நிமிர்வு எந்தக் கொடியின்கீழ் இருப்பினும் அது நமக்கு உறவே.

இறுதி நாள்

சிறைக்குச் செல்லும் நடிகனுக்கு வருவாய் ஏது? நாடகம் நடத்துவோர் அவரை அழைக்க அஞ்சினர். கடன் பெருகியது, திருமங்கலத்து வீடு கைவிட்டுப் போகும் நிலை வந்தது. அரசை ஆதரித்துப் பாடினால் கடன் தீரும் என்று அழைப்பு வந்ததாகவும், அவர் அதை ஏற்க மறுத்ததாகவும் கூறுவர். பாடலை விலைக்குக் கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த விடையும் தயங்காமல் வந்த விடையே.

1940ஆம் ஆண்டின் இறுதியில், கடனைத் தீர்க்க வழிதேடிச் சென்னைக்கு நாடகம் நடிக்க வந்தார். வயது 54. உடல் நலிந்திருந்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். காந்தியடிகள் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறை புகுந்துகொண்டிருந்தனர். டிசம்பர் 31 இரவு, ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். திரை விலகியது. மயில்மீது முருகன் அமர்ந்திருந்தான். பாட்டு எழுந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்தது, குரல் அடங்கியது. அது நடிப்பன்று என்று அவை உணர்வதற்குச் சற்று நேரமாயிருக்கும். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முருகன் வேடத்தைக் கலைக்காமலே, மயில் வாகனத்தில் அமர்த்தி, அவரைச் சென்னை வீதிகளின் வழியே ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். மூலக்கொத்தளம் மயானத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. கூடவே நடக்க மறுத்தோர் இருந்த உலகிலிருந்து, பெருங்கூட்டம் உடன் நடந்துவர அவர் விடைபெற்றார். திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த இல்லம் பின்னர்த் தமிழக அரசால் நினைவில்லமாக்கப்பட்டது.

நாம் பெறும் பாடம்

இளைஞர்களே! விசுவநாததாஸ் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் எது? அவர் பாடிய குரல் காற்றோடு போயிற்று. மேடையில் அந்நேரத்தில் பிறந்த சொற்களை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஆசுகவியின் இயல்பு அது. ஆனால் அவர் வாழ்ந்த முறை எஞ்சி நிற்கிறது.

நம் வீடுகளில் பறை உண்டு, கூத்துண்டு, நாவிலே பாட்டுண்டு. பட்டப்படிப்பு முடித்த நம் பிள்ளைகளுள் சிலர் தாத்தாவின் பறையைப் பரண்மேல் மறைத்து வைக்க எண்ணுவதை நாம் அறிவோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். அக்கலையை இழிதொழிலாக்கியவர்கள்மீதே குற்றம். எனினும் ஒன்று சொல்வோம். இழிவு கலையில் இல்லை. அதைக் கட்டாயமாக்கிக் கூலியும் மதிப்பும் மறுத்த முறையில்தான் இருக்கிறது. முறையை எதிர்ப்போம், கலையைக் கைவிட வேண்டா. விசுவநாததாஸ் தம் கலையை விடவும் இல்லை, அதைக்கொண்டு எவரிடமும் கூழைக்கும்பிடு போடவும் இல்லை.

மற்றொன்று. ஒத்திகையில்லா மேடையில் நிற்பவனுக்கு உள்ளே சரக்கு இருக்க வேண்டும். நூறு பாடல் மனத்தில் இருந்தால்தான் நூற்றோராவது பாடல் நாவில் எழும். நம் பிள்ளைகள் நாளை நேர்காணல் அறையிலும், அலுவலகத்திலும், தெருவிலும் எதிர்பாராத வினாக்களை எதிர்கொள்வார்கள். சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்போர் இன்றும் உளர். அப்போது தலை தாழாமல் விடை சொல்ல வேண்டுமாயின், அறிவு என்னும் சரக்கு நிறைய வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் செய்து வரும் பணி அதுவே: புத்தகமும் கட்டணமும் மாலை வகுப்பும் தந்து, மேடை ஏறும் நாளுக்காகப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது.

அடுத்த முறை குமரக்கோட்டத்தின் வழியே செல்லும்போது, வள்ளியை மணந்த முருகனோடு, அவன் வேடத்திலேயே கண்மூடிய இம்மனிதரையும் நினைத்துக்கொள்வோம். அன்று நம் முன்னோர்க்கு அடைத்திருந்த வாயில் இன்று திறந்திருக்கிறது. நிமிர்ந்தே உள்ளே செல்வோம்.